கேரி, ஆஷ்பர்ன், ஃபோர்சைத்: இதெல்லாம் இன்னும் "சவுத்" தானா?

ராலே_வாசி:
நார்த் கரோலினாவில் ராலே பக்கத்தில் இருக்கும் கேரிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம், அதில் "நான் தமிழ்ப் பெண், சதர்னர்" என்று எழுதியிருந்தாள், அதாவது "சவுத்" என்கிற அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைச் சேர்ந்தவள் என்று. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் வடக்கே ஓஹாயோவில் இருந்து வந்தவர், புல் வெட்டும் நேரத்தில் மட்டும் பேசிக்கொள்வோம். விழுந்து விழுந்து சிரித்தார். "இது சவுத்தா? இது கேரி!" என்றார். கேரியின் நான்கு ஆங்கில எழுத்துக்கும் "இடம்பெயர்ந்த யாங்கிகளை (வடக்கத்திக்காரர்களை) அடைத்து வைக்கும் பகுதி" என்று ஒரு விரிவு சொல்லிக் கிண்டல் செய்வார்கள், இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கும் குழப்பம்தான். ஆர்டிபி என்ற ஆராய்ச்சிப் பூங்காவை (ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்) 1959இல் ஆரம்பித்தார்கள், 1965இல் ஐபிஎம் வந்தது, அன்றிலிருந்து நியூயார்க், நியூ ஜெர்சி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் நாம். என் தெருவில் இந்த மாநிலத்தில் பிறந்த பெரியவர் ஒருவர்கூட இல்லை, இங்கே பிறந்ததெல்லாம் பிள்ளைகள்தான். பத்து நிமிடம் கார் ஓட்டினால் 87 அடி ராஜகோபுரத்தோடு பெருமாள் கோயில். அப்படியானால் அவள் எழுதியது தப்பா?

நோவாக்காரன்:
தப்புதான் நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நோவா என்கிற வடக்கு வர்ஜீனியாவில், ஆஷ்பர்னில் இருக்கிறேன். வரைபடத்தில் வர்ஜீனியா, உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்கு மாநிலக் கூட்டமைப்பான கான்ஃபெடரேட்டின் தலைநகரம் ரிச்மண்ட், எல்லாம் சரி. ஆனால் என் ஊரில் இருப்பது டேட்டா சென்டர், டேட்டா சென்டர், அதற்கு அடுத்து இன்னொரு டேட்டா சென்டர். சவுத்தின் அடையாளமான ஸ்வீட் டீ (சர்க்கரை கரைத்தே தரும் ஐஸ் டீ) கேட்டால் வெறும் ஐஸ் டீயைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டுகிறார்கள், ஐஸில் சர்க்கரை கரையுமா? அலுவலகத்தில் யாரும் ஆற அமர நின்று பேசுவதில்லை. ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் தாண்டினால்தான் சவுத் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஒரு ஊர் சவுத் என்பது அங்கே வாழ்கிற விதத்தில் இருக்கிறது. அந்த விதம் போய்விட்டால் ஊரும் போய்விட்டது, அவ்வளவுதான்.

புள்ளிவிவரப் புலி:
சென்சஸ் பீரோ கணக்குப்படி சவுத் என்றால் 16 மாநிலங்கள், கூடவே வாஷிங்டன் டிசி. அதில் டெலவேர் இருக்கிறது, மேரிலாந்து இருக்கிறது, ஓக்லஹோமாவும் இருக்கிறது. ஆகவே கேரி, ஆஷ்பர்ன் எல்லாம் சவுத். வழக்கு முடிந்தது, இழையை மூடலாம் :)

நோவாக்காரன்:
//அதில் டெலவேர் இருக்கிறது//
டெலவேர்க்காரர் யாரிடமாவது "நீங்கள் சதர்னரா" என்று கேட்டுப் பாருங்கள் புலி, பதில் எப்படி வருகிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

புள்ளிவிவரப் புலி:
கேட்டிருக்கிறேன், பாதிப் பேருக்குக் கேள்வியே புரியவில்லை. சரி, விளையாட்டை விடுகிறேன். இதை உருப்படியாக அளக்க ஜான் ஷெல்டன் ரீட் என்ற சமூகவியலாளர் 1970களில் ஒரு வழி கண்டுபிடித்தார். தொலைபேசி டைரக்டரியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நகரத்திலும் "சதர்ன்" என்று தொடங்கும் கடை, கம்பெனிப் பெயர்கள் எத்தனை, "டிக்சி" (தெற்குக்குப் பழைய செல்லப்பெயர்) என்று தொடங்குபவை எத்தனை, "அமெரிக்கன்" என்று தொடங்குபவை எத்தனை என்று எண்ணி ஒப்பிட்டார். அரசாங்கமோ பேராசிரியரோ போடும் கோட்டை விட்டுவிட்டு, தன் கடைக்குத் தானே பெயர் வைக்கிறவன் எங்கே நின்றுகொண்டு வைக்கிறான் என்று பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. "சதர்ன்" பரந்த இடத்தில் கிடைத்தது, "டிக்சி" அதைவிடச் சுருங்கிய வட்டத்தில்தான். அந்த வார்த்தையில் பழைய அடிமை முறைக் காலத்து ஏக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அது தானாகவே உதிர்கிறது. ஆக இரண்டும் ஒன்றல்ல. டிக்சி போனாலும் சவுத் இருக்கலாம்.

மிசிசிப்பி மருமகள்:
ஜாக்சனில் மருத்துவமனை வேலை, இருபத்திரண்டு வருடம். உங்கள் விவாதத்தைப் படிக்கச் சிரிப்பாக வருகிறது. கேரியும் ஆஷ்பர்னும் சவுத்தா என்று கேட்பவர்கள் ஒரு வாரம் இங்கே வந்து இருங்கள். ஜூலையில் வாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பின்னால் நிற்பவர் உங்கள் மாமியார் உடல்நிலை வரைக்கும் விசாரிப்பார், எந்தச் சர்ச் என்று கேட்பார், கோயில் என்று சொன்னால் "அதுவும் நல்லதுதான், போவதை விட்டுவிடாதே" என்பார். நோயாளிகள் எண்பது வயதிலும் என்னை "மேம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது சவுத். நீங்கள் இருப்பது சவுத் பெயர்ப்பலகை மாட்டிய நியூ ஜெர்சி.

ராலே_வாசி:
அக்கா, நீங்களுமா :( அப்போது மகளிடம் அழித்து எழுதச் சொல்லிவிடவா?

ஃபோர்சைத்காரர்:
ஒரு நிமிடம். அழிக்கச் சொல்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

நான் ஜார்ஜியா, ஃபோர்சைத் கவுண்டி. அட்லாண்டாவுக்கு வடக்கே. இங்கே நம் ஆட்கள் எவ்வளவு பேர் என்று சொல்ல வேண்டியதில்லை, எந்தப் பூங்காவுக்குப் போனாலும் மாலையில் வேட்டி கட்டிய தாத்தாக்கள் நடக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடம், பெரிய வீடு என்று 2014இல் வாங்கிக்கொண்டு வந்தோம். வாங்கும்போது ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிகளின் மதிப்பெண்தான்.

1912இல் இந்தக் கவுண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கொன்ற வழக்கு வந்தது, ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்று தொங்கவிட்டது, பதின்வயதுப் பையன்கள் இரண்டு பேருக்கு நீதிமன்றமே தூக்குத் தண்டனை கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. இரவில் குதிரையில் வந்து வீடுகளைக் கொளுத்தி, துப்பாக்கியால் சுட்டு, சில வாரங்களில் கிட்டத்தட்ட எல்லா கறுப்பினக் குடும்பங்களையும் துரத்திவிட்டார்கள். நிலம் வைத்திருந்தவர்கள், சர்ச் கட்டியிருந்தவர்கள் எல்லோரையும். அதன் பிறகு எழுபது எண்பது வருடம் இது வெள்ளையர் மட்டும் வாழும் கவுண்டி. 1987 ஜனவரியில் இதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மேல் கல் எறிந்தார்கள், அடுத்த வாரமே நாட்டின் பல பக்கத்திலிருந்தும் சுமார் 20,000 பேர் வந்து நடந்தார்கள்.

1987. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அன்று கல் எறிந்தவர்கள் எல்லாம் செத்துப்போய்விடவில்லை. கடையில் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று சில நாள் தோன்றும். கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

இங்கே ஸ்வீட் டீ கிடைக்கிறதா, பேச்சு இழுவையா என்றெல்லாம் பார்த்தால் இது சவுத் இல்லைதான். ஆனால் காலி இடமாக, மலிவாக, "அமைதியான ஊராக" எனக்கு இது கிடைத்ததற்கே அந்த 1912 ஒரு காரணம். இதைவிட சவுத் எங்கே இருக்கிறது?

நோவாக்காரன்:
ஃபோர்சைத் ஐயா, நீங்கள் எழுதியது உலுக்கிவிட்டது. ஆனால் ஒரு ஆட்சேபம். நடந்த கொடுமைதான் அடையாளம் என்றால் ஓக்லஹோமாவில் துல்சா எரிந்தது 1921இல், சிகாகோவில் கலவரம் 1919இல். சிகாகோவும் சவுத்தா? வரலாறு எல்லா ஊருக்கும் இருக்கிறது. என் கேள்வி இன்றைக்கு இருக்கும் ஊரைப் பற்றியது.

மிசிசிப்பி மருமகள்:
சிகாகோ பேச்சை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று தம்பி. 1910இலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். மிசிசிப்பிக்காரர்கள் ரயில் ஏறிப் போய் இறங்கிய இடம் சிகாகோ. சமையல், பாட்டு, சர்ச் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோனார்கள். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அட்லாண்டாவுக்கும் சார்லட்டுக்கும் திரும்பி வருகிறார்கள். அவர்கள் கணினி வேலை பார்க்கிறார்கள், புறநகரில் வீடு வாங்குகிறார்கள், பேச்சில் இழுவை இல்லை. அவர்களிடம் போய் "நீங்கள் வந்ததால் அட்லாண்டா சவுத் இல்லாமல் போய்விட்டது" என்று சொல்வீர்களா?

மேலே நானே கேரியை நியூ ஜெர்சி என்று எழுதினேன், அதை வாபஸ் வாங்குகிறேன். ஃபோர்சைத் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு ராத்திரி யோசித்தேன். நாம் எல்லோரும் "உண்மையான சதர்னர்" என்று சொல்லும்போது மனதில் வருவது யார்? தொப்பி, டிரக், நாய், வெள்ளைக்காரர். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் பாதிக்கும் மேல் தெற்கில்தான் வாழ்கிறார்கள். என் வார்டில் வரும் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் அவர்கள்தான். சவுத் மாறிவிட்டது, போய்விட்டது என்று அவர்களில் யாரும் என்னிடம் அழுததில்லை. மாறியதில் அவர்களுக்கு வோட்டு கிடைத்தது, அதுவும் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு. 2020இல் மாநிலக் கொடியிலிருந்து கான்ஃபெடரேட் சின்னத்தை எடுத்துவிட்டு மக்னோலியாப் பூ வைத்தோமே, அன்றைக்கு மிசிசிப்பி கொஞ்சம் குறைந்துபோய்விட்டதா என்ன? எங்கள் வார்டில் அன்று ஒரு அம்மா கேக் வாங்கி வந்தார்.

சுகர்லேண்ட் சுப்பு:
டெக்சஸை யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்ட், மீனாட்சி கோயில் பியர்லேண்டில், வாரக்கடைசியில் மதுரையே அங்கேதான். டெக்சஸ் சவுத்தா என்று கேட்டால் இங்கே பாதிப் பேர் "டெக்சஸ் டெக்சஸ்தான்" என்பார்கள். கிழக்கே பைன் மரமும் பருத்தியும் இருக்கும் வரைக்கும் லூசியானாவின் தொடர்ச்சி, மேற்கே போகப் போக மண் காய்ந்து வேறு நாடாகிவிடும்.

ஃபோர்சைத் அண்ணன் சொன்னதற்குச் சேர்த்து ஒன்று. சுகர் லேண்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கரும்புத் தோட்டம். அடிமை முறை 1865இல் முடிந்தது, கால்வெஸ்டனில் ஜூன் 19 அன்று அறிவித்தார்கள், இப்போது தேசிய விடுமுறை. அதற்குப் பிறகு கரும்பு வெட்டியது யார்? சிறைக்கைதிகளை மாநிலமே வாடகைக்கு விட்டது. பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். 2018இல் இங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்குக் குழி தோண்டியபோது 95 பேருடைய எலும்புகள் கிடைத்தன. எங்கள் வீட்டிலிருந்து பல் தேய்த்துக்கொண்டே போய்விடும் தூரம் இல்லை, ஆனால் காரில் ரொம்ப நேரமும் ஆகாது. வீட்டுமனை விளம்பரத்தில் "இனிமையான ஊர்" என்று போட்டிருந்தார்கள், அப்போது எனக்கும் நல்ல சிலேடை என்றுதான் தோன்றியது.

இன்னொன்று, 2024இலிருந்து டெக்சஸ் பல்கலைக்கழகம் எஸ்இசியில், அதாவது தெற்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பில், ஃபுட்பால் ஆடுகிறது. அலபாமாவும் ஜார்ஜியாவும் ஒப்புக்கொண்டு சேர்த்துக்கொண்ட பிறகு நாங்கள் சவுத் இல்லை என்று சொல்ல நோவாக்காரர் யார்?

ஒர்லாண்டோ ஓலை:
ஃப்ளோரிடாவுக்கு ஒரே விதிதான்: வடக்கே போகப் போக சவுத், தெற்கே போகப் போக நார்த். டலஹாசி பக்கம் ஜார்ஜியா மாதிரியே இருக்கும். மயாமியில் கியூபா. நடுவில் டிஸ்னியும் நானும். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

புள்ளிவிவரப் புலி:
பேச்சு பற்றி ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நோவாக்காரர் சொல்லும் "வாழ்கிற விதத்தில்" உச்சரிப்பும் ஒன்று. ஜார்ஜியாவில் வெள்ளையர் பேச்சை ஏழு தலைமுறை ஒலிப்பதிவுகளிலிருந்து ஆராய்ந்து 2023இல் ஒரு கட்டுரை வந்தது. சதர்ன் உச்சரிப்பு உச்சத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்தவர்களிடம். அடுத்த தலைமுறையிலேயே, அதாவது 1965க்குப் பிறகு பிறந்தவர்களிடம், மடமடவென்று சரிந்துவிட்டது. ராலேயிலும் அதே கதை, ஐபிஎம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் தேய ஆரம்பித்தது. கவனியுங்கள், வந்தவர்கள் மட்டும் மாறவில்லை, பரம்பரையாக இங்கேயே இருப்பவர்களின் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். பேச்சுதான் அளவு என்றால் ஜார்ஜியாவில் ஏழு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துப் பையனும் சதர்னர் இல்லை. அது அபத்தம் இல்லையா?

ஆனால் "யால்" மட்டும் போகவில்லை, பரவுகிறது. ஆங்கிலத்தில் ஒருவரையும் பலரையும் ஒரே வார்த்தையில் கூப்பிடுவது நமக்கு எப்போதும் இடிக்கும். "நீங்கள் எல்லாம்" என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைத்ததும் என் அம்மா ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டார். "யால் சாப்டாச்சா" என்று பேரன்களைக் கேட்கிறார்.

வெண்டைக்காய்:
பெயருக்காகவாவது நான் வந்தாக வேண்டும். சார்ல்ஸ்டன், சவுத் கரோலினா.

வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இங்கே செய்யும் கம்போ என்ற குழம்பின் பெயரே மேற்கு, நடு ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயரிலிருந்து வந்தது என்பார்கள். காராமணியும் ஆப்பிரிக்கா. இங்கே புத்தாண்டு அன்று காராமணியும் அரிசியும் சேர்த்துப் பொங்குவார்கள், பெயர் ஹாப்பின் ஜான், என் மாமியார் ருசி பார்த்துவிட்டு "தாளிக்க மறந்துட்டாங்க" என்றார். கரோலினாவைப் பணக்கார மாநிலமாக்கியது நெல். சதுப்பில் வரப்பு போட்டு, மதகு வைத்து, நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்றே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பலரைப் பிடித்து வந்து விற்றார்கள். கிரிட்ஸ் வெள்ளைச் சோள நொய்க் கஞ்சி, அது இந்த மண்ணின் பூர்வகுடிகள் சொல்லிக்கொடுத்தது. "சுத்தமான சதர்ன் சமையல்" என்று ஒன்றைத் தட்டில் வைத்தால் அதில் வெளியிலிருந்து வராத கை எது?

ராலே_வாசிக்கு: நிக்கி ஹேலி பாம்பர்க்கில் பிறந்த பஞ்சாபிப் பெண். 2015இல் சார்ல்ஸ்டன் சர்ச்சில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு சட்டமன்ற வளாகத்திலிருந்து கான்ஃபெடரேட் கொடியை இறக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர். அவர் அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் சதர்னர் இல்லை என்று இந்த மாநிலத்தில் எவனும் சொல்ல முடியாது. உங்கள் மகளை யார் தடுப்பது?

நோவாக்காரன்:
எல்லோரும் சேர்ந்து அடிக்கிறீர்கள், பரவாயில்லை. ஆனாலும் சொல்கிறேன். நிக்கி ஹேலி சிறிய ஊரில் வளர்ந்தார், அந்த ஊரின் நல்லதையும் கெட்டதையும் பட்டார். நம் பிள்ளைகள் கேட் போட்ட குடியிருப்பில், கணக்கு வகுப்பிலும் பரதநாட்டிய வகுப்பிலும் வளர்கிறார்கள். அதே குடியிருப்பைத் தூக்கி டென்வரில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. என் கேள்வி அதுதான். நாம் சவுத்தில் வாழ்கிறோமா, சவுத்தின் மேல் மிதக்கிறோமா?

ராலே_வாசி:
இது நல்ல கேள்வி. எனக்குச் சுருக்கென்று பட்டது, மறுக்க மாட்டேன்.

ஃபோர்சைத்காரர்:
நோவாத் தம்பி, மிதக்கிறோம் என்பது உண்மை. ஆனால் மிதப்பதற்கு வசதியாக இருப்பதே "இது சவுத் இல்லை" என்ற வாக்கியம்தான். ஓஹாயோக்காரர் அதைச் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். சொல்லிவிட்டால் 1912 வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. வீட்டின் விலை மட்டும் நம்முடையது.

ஆஷ்பர்ன் என்றால் நீங்கள் லௌடன் கவுண்டிதானே? அதன் தலைமையிடமான லீஸ்பர்க்கில் நீதிமன்ற வாசலில் கான்ஃபெடரேட் வீரன் சிலை 2020 வரை நின்றது. ஆர்லிங்டனில் லீ ஹைவே 2021இல்தான் லாங்ஸ்டன் பூல்வார்ட் ஆனது, வர்ஜீனியாவிலிருந்து முதல்முதலாக காங்கிரசுக்குப் போன கறுப்பினத்தவர் பெயர். ஸ்பிரிங்ஃபீல்டில் கான்ஃபெடரேட் தளபதி ராபர்ட் ஈ. லீ பெயரில் இருந்த பள்ளிக்குக் கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய ஜான் லூயிஸ் பெயர் வைத்தார்கள். டென்வரில் தெருவுக்குத் தெரு இப்படிப் பெயர் மாற்ற வேண்டிய வேலை வந்ததா? அந்தப் பெயர்களை மாற்றலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டபோது நம் ஆட்கள் எத்தனை பேர் போனார்கள்? நான் என் ஊரில் போனதில்லை. அதனால் உங்களைச் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நோவாக்காரன்:
நான் போனேன் ஐயா. பள்ளிப் பெயர்க் கூட்டத்துக்கு. பெயர் மாறினால் வீட்டு விலை இறங்குமா என்று கேட்கப் போனேன். இதை இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுதியாகிவிட்டது.

மிசிசிப்பி மருமகள்:
இறங்கியதா?

நோவாக்காரன்:
ஏறியது அக்கா.

சுகர்லேண்ட் சுப்பு:
அந்தக் கவலையிலேயே நீங்கள் முழு சதர்னர் ஆகிவிட்டீர்கள், வாழ்த்துகள் :)

ராலே_வாசி:
மகளிடம் பேசினேன். ஏன் சதர்னர் என்று எழுதினாய் என்று கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "இங்கதானே வளர்ந்தேன், வேற என்ன எழுதுறது" என்றாள். அப்புறம் ஃபோர்சைத் அண்ணன் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், கேரியில் என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடத்தில் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. இந்த வாரம் நூலகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.

வெண்டைக்காய்:
போகிற வழியில் ஹைவே ஓரமாகப் பலகையில் கையால் எழுதி "வேகவைத்த கடலை" விற்பார்கள், வாங்கிக் கொடுங்கள். பச்சைக் கடலையைத் தோலோடு உப்புப் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தது. 2006இல் எங்கள் மாநிலம் அதை அதிகாரபூர்வ நொறுக்குத்தீனி ஆக்கிவிட்டது. ஓஹாயோக்காரர் ஒன்றை வாயில் போட்டதும் துப்புவார், கடலை என்றால் அவர்களுக்கு வறுத்ததுதான். நம் வீட்டில் யாருக்காவது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

ராலே_வாசி:
ஐயோ, அவித்த கடலையா! இத்தனை வருடமாக அந்தப் பலகையைக் கடந்துதான் பீச்சுக்குப் போகிறேன், ஏதோ மீன்தூண்டில் சமாசாரம் என்று நினைத்துவிட்டேன். ஐ-40இல் எந்த எக்சிட் பக்கம் நல்லது?

மிசிசிப்பி மருமகள்:
எக்சிட் எடுத்து உள்ளே சின்ன ஹைவேக்குப் போங்கள் தம்பி, ஐ-40 மேலேயே கிடைக்காது. எங்கே டிரக் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். காஜூன் மசாலா போட்டது வேண்டாம், வெறும் உப்புதான்.